பள்ளிக் கல்வியில் மனவெழுச்சி நுண்ணறிவு

தன் மனவெழுச்சிகளையும் பிறருடையவற்றையும் இனங்கண்டு, புரிந்துகொண்டு, நெறிப்படுத்தும் திறன் மனவெழுச்சி நுண்ணறிவு எனப்படும். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும் 1990இல் இதனை அறிவுத்திறன்களில் ஒன்றாக வரையறுத்தனர். இதற்கு நெருக்கமான சமூக நுண்ணறிவு பற்றி எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே எழுதியிருந்தார்.

பள்ளிகளோ இந்தக் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. யேல் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968இல் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் பணியைத் தொடங்கினார். ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் பெருமளவில் படித்த அப்பள்ளிகள் தேர்ச்சியில் நகரிலேயே கடைசியில் இருந்தன. குழந்தை வளரும் சூழலும் பள்ளி எதிர்பார்க்கும் நடத்தையும் ஒட்டாமல் போவதே சிக்கலின் வேர் எனக் கோமர் கண்டார். எனவே குழந்தைகளைத் தண்டித்துத் திருத்துவதை விட்டு, பள்ளியின் நிர்வாக முறையை மாற்றினார். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், மனநலப் பணியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தனர். 1980களில் தேர்ச்சி உயர்ந்தது, ஒழுங்கீனம் குறைந்தது. பள்ளிகளில் மனவெழுச்சித் திறன்களை வளர்க்கும் முயற்சிகளின் வரலாற்றில் முக்கியமானவற்றுள் இதுவும் ஒன்று.

இத்திறன்களைப் பள்ளியில் வளர்க்கும் சமூக, மனவெழுச்சிக் கற்றலைப் பரப்பும் 'காசெல்' அமைப்பு 1994இல் உருவானது. மனவெழுச்சி நுண்ணறிவு பற்றி மறு ஆண்டு வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் அக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது; வாழ்க்கை வெற்றி குறித்து அது அளித்த நம்பிக்கை, அன்றிருந்த சான்றுகளை மிஞ்சியது.

சான்றுகள் பின்னரே திரண்டன. 213 பள்ளித் திட்டங்களை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பயிற்சி பெற்ற மாணவர்களின் கல்வி அடைவு, பெறாதவர்களுடையதைவிடச் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் கூடுதலாக இருந்ததெனக் காட்டியது. 2020இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, 42,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளில் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் மிதமான தொடர்பைக் கண்டது. தேர்வு அச்சத்தையும் சலிப்பையும் சமாளிக்கத் தெரிந்தவருக்கும், ஆசிரியரோடும் நண்பர்களோடும் இணக்கமாக இருப்பவருக்கும் படிப்பில் ஊன்றி நிற்பது எளிது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் 2007 முதல் நடந்த சமூக, மனவெழுச்சிக் கற்றலுக்கான 'சீல்' திட்டத்தால் மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையென 2010ஆம் ஆண்டு மதிப்பீடு தெரிவித்தது. பள்ளிக்குப் பள்ளி விருப்பப்படி நடத்தப்பட்டதும், ஆசிரியர்களுக்குப் போதிய நேரமும் ஆதரவும் கிடைக்காததும் பெருங்குறைகள்.

இந்தியாவில் தில்லி அரசு 2018 ஜூலையில் மழலையர் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கியது. மன ஒருமைப் பயிற்சி, கதை, செயல்பாடு, கலந்துரையாடல் ஆகியவை கொண்ட இப்பாடத்துக்கு எழுத்துத் தேர்வும் மதிப்பெண்ணும் வைக்கப்படவில்லை.