சிரித்த அரசர்களும் சிரிக்காத கலீஃபாவும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கதைகள் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தன. உருது பேசும் வீடுகளில் நானியும் தாதியும் அக்பர்–பீர்பல் கதை சொன்னார்கள். தமிழ் பேசும் வீடுகளில் தெனாலிராமன். முல்லா நஸ்ருத்தீன் இரு வீடுகளுக்கும் பொதுவானவர். இதில் வியப்பு ஒன்றுமில்லை. 1639இல் சென்னைப்பட்டினத்துக்கு நிலம் தரப்பட்டபோது பூந்தமல்லி விஜயநகரத்தின் தெலுங்கு நாயக்கர்கள் கையில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே கோல்கொண்டா சுல்தானின் படை வந்தது. பின் முகலாயர், பின் ஆற்காட்டு நவாப். தெலுங்கும் தக்கனி உருதுவும் தமிழும் ஒரே சந்தையில் புழங்கிய ஊரில், கிருஷ்ணதேவராயரும் அக்பரும் தைமூரும் ஒரே திண்ணையில் ஏமாந்து நிற்பதுதானே இயல்பு!

கதை எதுவாயினும் எலும்புக்கூடு ஒன்றே. அரசன் பெரியவன், விடையில்லாத கேள்வி ஒன்றைக் கேட்பான். எளியவன் ஒருவன் எதிர்பாராத பதில் சொல்வான். அரசன் தோற்பான்; ஆனால் சிரித்துவிட்டுப் பொற்காசு தருவான். கேட்டு முடித்ததும் பிள்ளைகள், “இது உண்மையாகவே நடந்ததா?” என்பார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பீர்பல் உண்மை மனிதர். மகேஷ்தாஸ் என்பது இயற்பெயர். அக்பரின் நெருங்கிய அவையோர். ஆனால் நாம் கேட்டு வளர்ந்த வேடிக்கைக் கதைகள் அக்காலத்து வரலாற்று நூல்களில் இல்லை. பிற்கால மக்களின் வாயில் பிறந்தவை அவை. 1586இல் வடமேற்கு எல்லையில் யூசுஃப்ஸாய் பழங்குடியினரோடு நடந்த போரில், மலைக் கணவாயில் சிக்கிப் பெரும்படையோடு பீர்பல் மாண்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்பர் துயரத்தால் உணவைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கதைகளில் எல்லா ஆபத்திலிருந்தும் ஒரு சொல்லால் தப்பியவரின் முடிவு இது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் அவைப்புலவராகச் சொல்லப்படும் தெனாலிராமனின் நிலையும் ஏறக்குறைய இதுவே: கவிஞர் இருந்தார், கதைகள் அவர்மேல் பின்னாளில் ஏறின.

முல்லாவின் வரலாறு இன்னும் சுவையானது. துருக்கியில் அக்‌ஷெஹிர் என்ற ஊரில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. கல்லில் பொறித்த ஹிஜ்ரி ஆண்டு 386. அதைத் தலைகீழாக 683 என்று படிக்க வேண்டும் என்பார்கள், அதாவது கி.பி. 1284–85. முல்லாவின் கல்லறையும் முல்லாவைப் போலவே பேசுகிறது! வாயிலில் பெரிய பூட்டு ஒன்று தொங்கும். சுற்றிலும் சுவரே கிடையாது என்பதும் அத்தலத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். முல்லா வென்றதாகச் சொல்லப்படும் அரசர் தைமூர். அங்காரா போரில் உஸ்மானிய சுல்தான் பாயஜீதைத் தைமூர் சிறைபிடித்தது 1402இல். முல்லா இறந்து நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்துவிட்டது. இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. ஆயினும் துருக்கிய மக்கள் விடவில்லை.

ஒரு கதையில் தைமூர் ஒரு கிராமத்தில் யானையை விட்டுச் செல்கிறார். அது பயிரையெல்லாம் தின்று தீர்க்கிறது. ஊரார் முல்லாவை முன்னே நிறுத்தி முறையிடப் புறப்படுகிறார்கள். வழியில் ஒவ்வொருவராக நழுவிவிட, கூடாரத்துக்குள் நுழையும்போது முல்லாவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. “என்ன வேண்டும்?” என்று கர்ஜிக்கிறார் தைமூர். முல்லா சொல்கிறார்: “தங்கள் யானையை ஊரார் உயிராக நேசிக்கிறோம். அது தனியே வாடுகிறது. துணைக்கு ஒரு பெண் யானையும் அனுப்பி வைக்க வேண்டும்.” இதில் தோற்றது அரசன் அல்ல, ஊர் என்பதே நம் எண்ணம். எந்த மஹல்லாவில் உள்ளவருக்கும் இந்தக் காட்சி புதிதாக இராது.

மற்றொன்று குளியலறைக் கதை. ஹம்மாமில் இடுப்புத் துண்டோடு அமர்ந்திருக்கும் தைமூர், தம்மை விற்றால் என்ன விலை போகும் என்று கேட்கிறார். ஐம்பது காசு என்கிறார் முல்லா. “இந்தத் துண்டு மட்டுமே ஐம்பது காசு பெறுமே!” “நானும் துண்டுக்குத்தான் விலை சொன்னேன்.” இக்கதையை உஸ்மானியப் பழைய நூல்கள், 1413இல் மறைந்த அஹ்மதீ என்ற புலவரின் பெயரால் சொல்கின்றன. அவர் உண்மையிலேயே தைமூரின் காலத்தவர். நடந்ததோ நடக்கவில்லையோ, மக்கள் புலவரை மறந்து அந்தப் பதிலை மட்டும் எடுத்து முல்லாவின் வாயில் வைத்துவிட்டார்கள். அங்காராவில் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகள் தைமூரை இப்படித்தான் வென்றார்கள்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் பக்தாதின் பஹ்லூல். கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் (786–809) காலத்தவர்; பித்தர் என்று பெயர் பெற்றவர். ஒருநாள் ஆளில்லாத சிம்மாசனத்தில் அவர் போய் அமர்ந்தாராம். காவலர்கள் அடித்து இழுத்துப் போட்டார்கள். அழுதுகொண்டிருந்தவரை ஹாரூன் தேற்ற வந்தபோது, “எனக்காக அழவில்லை, ஒரு கணம் அமர்ந்ததற்கே எனக்கு இத்தனை அடி, இத்தனை ஆண்டுகள் அமர்ந்திருக்கும் உங்களை நினைத்து அழுகிறேன்” என்றாராம். இங்கே சிரிப்பு மெல்ல வற்றி, மறுமையின் கேள்வி கணக்கு தலைகாட்டுகிறது. மற்ற கதைகளிலிருந்து முஸ்லிம்களின் கதை தனித்து நிற்பது இந்த இடத்தில்தான்.

சிலர் தயங்குவார்கள்: மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்களே? உண்மைதான். நபியவர்கள் தோழர்களோடு நகைச்சுவையாகப் பேசியதும், அதில் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாததும் ஹதீஸ்களில் வருகின்றன. எனவே கதையைக் கதை என்று அறிவித்துச் சொல்வதில் நாம் குற்றம் காணவில்லை. ஹாரூன் பற்றியோ அக்பர் பற்றியோ வரலாறு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதுதான் தவறு. அப்படி ஊட்டினால், கொடுங்கோலரிடம் நியாயம் பேசியவர்கள் எல்லோரும் பொற்காசோடு வீடு திரும்பினார்கள் என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

அநியாயக்கார ஆட்சியாளன் முன் சொல்லப்படும் நீதியான சொல்லைச் சிறந்த ஜிஹாத் என்று நபியவர்கள் சொன்னது, அதற்கு விலை உண்டு என்பதால்தான். அந்த விலையை அறிய, நம் பகுதிப் பள்ளிகளில் பலவும் பின்பற்றும் மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடமே போகலாம்.

ஹிஜ்ரி 80இல் கூஃபாவில் பிறந்த இமாம் அவர்கள் துணி வணிகர். அரசரின் கைக்காசு தேவைப்படாதவர். உமையா ஆட்சியிலேயே, ஆளுநர் இப்னு ஹுபைரா தர முன்வந்த பதவியை மறுத்துச் சாட்டையடி பட்டவர்கள். அப்பாஸிய கலீஃபா மன்சூர் அவர்களைப் பக்தாதுக்கு வரவழைத்து, காழிப் பதவியை ஏற்கச் சொன்னார். கலீஃபாவின் தீர்ப்புகளுக்கெல்லாம் மார்க்க முத்திரை குத்த ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கும் உரையாடல் இப்படிப் போகிறது. “அப்பதவிக்கு நான் தகுதியற்றவன்” என்றார்கள் இமாம். “பொய் சொல்கிறீர்” என்றார் மன்சூர். “தீர்ப்பைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள். பொய்யன் எப்படிக் காழியாக முடியும்? நான் சொன்னது உண்மையென்றாலோ, தகுதியற்றவன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.”

மன்சூர் சத்தியமிட்டு, ஏற்றே ஆக வேண்டும் என்றார். ஏற்க மாட்டேன் என்று இமாமும் சத்தியமிட்டார்கள். அமீருல் முஃமினீன் சத்தியமிட்ட பின் நீரும் சத்தியமிடுவதா என்று அவைக்காவலர் ரபீஉ அதட்டினார். சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா, அதாவது பரிகாரம், கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இமாம் அமைதியாகச் சொன்னார்கள்: “அந்தப் பரிகாரத்தைக் கொடுக்க என்னைவிட அமீருல் முஃமினீனுக்கே வசதி அதிகம்.”

பீர்பல் கதையாக இருந்தால் இங்கே அரசன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். மன்சூர் சிரிக்கவில்லை. இமாம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அடிக்கப்பட்டார்கள் என்றும் செய்திகள் உண்டு. ஹிஜ்ரி 150இல், கி.பி. 767இல், சிறையிலேயே வஃபாத்தானார்கள் என்பதே பரவலான கூற்று. ஜனாஸாவுக்கு மக்கள் வெள்ளம் திரண்டு, தொழுகையைப் பலமுறை நடத்த வேண்டியதாயிற்று.

ஆட்சியாளர் அபகரித்த நிலத்தில் தம்மை அடக்க வேண்டாம் என்று இமாம் வஸிய்யத் செய்திருந்தார்கள். அதன்படி ஃகைஸுரான் அடக்கத்தலத்தில் அடக்கம் நடந்தது. செய்தி எட்டியபோது மன்சூர், உயிரோடிருந்தபோதும் இறந்த பின்னும் இந்த மனிதரிடமிருந்து எனக்கு விடுதலை தருபவர் யாரோ என்று புலம்பினாராம்.