அடையாறு புற்றுநோய் நிறுவனம்

சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் 1954இல் தொடங்கிய அறக்கொடை மருத்துவமனை. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதன் நிறுவனர். நேரு 1952இல் அடிக்கல் நாட்டினார். 12 படுக்கைகளோடு பணி தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் இதை வளர்த்தெடுத்தனர்.

புற்றுநோய் வந்த ஏழை வீட்டில் மருந்துச் செலவு ஒரு பங்குதான். கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக ஊரைவிட்டு வந்து வாரக்கணக்கில் தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் நின்றுபோகும். நகை அடகுக்குப் போகும், பிள்ளையின் படிப்பு நிற்கும். குணமாகக்கூடிய நோயாளிகூடச் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான். இது பெருங்கொடுமை. அதனால் இங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்தே கட்டணம் முடிவாகிறது. நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை கிடைக்கிறது. பணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் மருத்துவத் தரம் ஒன்றே. இந்தக் கொள்கையை உறுதியாகக் காத்த சாந்தா 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021இல் மறையும்வரை நிறுவன வளாகத்திலேயே வாழ்ந்தார். பொதுமக்களின் நன்கொடையும் அரசு உதவியும் வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணமும் இலவச, சலுகைச் சிகிச்சையின் செலவைத் தாங்குகின்றன.