ஒரு குருவானவர் எழுதிய அடிமை ஓலை

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றிலே 1658ஆம் ஆண்டு இருள் சூழ்ந்த ஆண்டாகும். அவ்வாண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோவில்கள் பறிபோயின, குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பதே குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றித் தவித்தனர். வெளியே ஒல்லாந்தர் ஆலயத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் செபமாலையை ஒளித்து வைத்திருந்தோர் பலர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இச்செய்தி கோவாவிலிருந்த ஓர் இளங்குருவின் நெஞ்சைத் தைத்தது. அவரே யோசேப் வாஸ் அடிகளார். 1651இல் பிறந்து 1676இல் குருப்பட்டம் பெற்றவர். மறு ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டார். பக்திப் பெருக்கில் எழுதிய வார்த்தைகள் என்றுதான் எவரும் எண்ணுவர். அவை வெறும் வார்த்தைகளல்ல என்பதைப் பின்னால் இலங்கை கண்டது.

1687இல் கூலியாளின் கோலத்தில், வெறுங்காலுடன், ஓர் ஊழியரோடு அவர் இலங்கையில் கரையிறங்கினார். கடும் வயிற்றுக்கடுப்பினால் சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். பிறகு கழுத்தில் செபமாலை துலங்க யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எவர் முகம் மாறுகிறதோ அவர் நம்மவர் என்று அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரைப் பொத்திக் காத்தனர். திருப்பலி இரவிலே நடந்தது. 1689 கிறிஸ்மஸ் இரவில் ஒல்லாந்தர் பாய்ந்து விசுவாசிகளைச் சிறைப்பிடித்தபின், அடிகளார் புத்தளம் போய், 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அவரையே சிறையிலிட்டார்கள்!

வறட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்த புதுமையையே பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். எனக்கோ 1697ஆம் ஆண்டே பெரிதாகத் தெரிகிறது. அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்றோரைப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றோரும் விட்டு ஓடினார்கள். நோயாளிகள் காட்டில் விடப்பட்டார்கள். அரசனும் நகரை விட்டகன்றான். அடிகளாரோ, தமக்குத் துணையாக வந்த கார்வாலோ அடிகளாரோடு அங்கேயே தங்கினார். குடிசை கட்டினார், கஞ்சி ஊட்டினார், சீழ் வடியும் புண்களைக் கழுவினார், குழிவெட்டிப் பிணங்களை அடக்கினார். இவன் பௌத்தன், இவன் கிறிஸ்தவன் என்று பார்க்கவில்லை. அந்தக் கைகளைக் கண்ட பிறகே கண்டி அரசவையின் ஐயம் முற்றும் தீர்ந்தது என்பது என் எண்ணம்.

தமிழும் சிங்களமும் கற்று, அம்மொழிகளிலே செபம் சொல்லிக் கொடுத்தார். குருவானவர் எப்போதாவது வந்து போகும் ஊர்களில் செபம் நடத்த மூப்பர்களையும் அண்ணாவிகளையும் ஏற்படுத்தினார். இலங்கைத் திருச்சபைக்கு மீண்டும் உயிரூட்டியதில் இப்பொதுநிலையினரின் பங்கு பெரிது. நம் மலர்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடமோ மிகச் சிறிது.

ஆயர் பதவி தேடி வந்தபோது அடிகளார் ஏற்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டியில் அவரை அடக்கம் செய்த கோவில் பின்னாளில் அழிக்கப்பட்டது. கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.