கடலுக்குப் போகிற தண்ணீர் வீணா? நான் நடத்திய ஒரு பாடத்துக்குத் திருத்தம்



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிறு மாலை என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் போடாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டாள், போடவில்லை. மீன்வளம் படித்தவள். இப்போது வங்காளத்தில் கங்கைக் கரையில் ஒப்பந்த வேலை. மீன் ஆற்றில் ஏறுகிற சில மாதங்களுக்கு மட்டும்தான் வேலை. பருவம் முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியது, அடுத்த வருஷம் கூப்பிட்டால் உண்டு.

காபி குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், கோவிச்சுக்காதீங்க. எட்டாம் வகுப்புல காவிரிப் பாடம் நடத்துறப்ப, 'கடலில் கலக்கும் ஒவ்வொரு சொட்டு நீரும் வீண்'னு போர்டுல எழுதி அடிக்கோடு போட்டீங்க. நானும் பரீட்சையில அதையே எழுதினேன். ரெண்டு மார்க் போட்டீங்க. அது தப்பு சார்."

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொன்ன வாக்கியம் அது. கடைமடை விவசாயி வீட்டில் பிறந்தவன் நான். பயிர் வாடி நிற்கும்போது ஆற்று நீர் கடலுக்கு ஓடினால் வயிறு எரியும். அதனால் அந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஏன் தப்பு என்று கேட்டேன். அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு பழைய விஷயங்களைத் தேடிப் படித்தேன். அவள் கங்கையில் செய்கிற வேலையை நூறு வருஷத்துக்கு முன்பே நம் கொள்ளிடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். நாம் உல்லம் என்கிறோம். வங்காளிகளுக்கு இலிஷ், ஆந்திராவில் புலசா, பொதுவாக ஹில்சா. வளர்வது கடலில். முட்டையிட மட்டும் நல்ல தண்ணீர் தேடி ஆற்றில் ஏறும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் புது வெள்ளம் செம்மண் நிறத்தில் கடலைத் தொட்டதும் அந்த வாசனைக்கு முகத்துவாரத்தில் வந்து கூடும். பிறகு எதிர்நீச்சல் போட்டு மேலே போகும். சினை கொண்ட ஒரு மீனின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். ஆடிப்பெருக்கன்று ஆற்றையே சூல்கொண்ட பெண்ணாக நினைத்துச் சித்திரான்னம் படைக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே நாட்களில்தான் இந்த மீனும் சூலோடு வரும்.

மீனைப் பருவம் பார்த்துக் கவனித்து எழுதிவைப்பது நம் கரைக்குப் புதிதல்ல. பக்கத்துத் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தபோது கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அங்கே வாழ்ந்தார். இந்தக் கடலிலும் குளங்களிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். இந்தியாவைப் பார்த்தே இராத பிளாக், வந்த மீன்களுக்குப் படம் வரைவித்துப் பெயர் சூட்டினார். கத்தாளை மீன் இனம் ஒன்றுக்கு ஜானின் நினைவாக 'ஜோனியஸ்' என்று 1793ல் பெயர் வைத்தார். அதில் ஒரு வகையின் பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. அந்தக் கருட்டா வேறொன்றும் இல்லை, நம் மீனவர்கள் சொன்ன 'கருத்த' கத்தாளைதான்.

அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791 நவம்பரில் குளத்தங்கரைப் பனை மரம் ஒன்றில், தண்ணீரிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. பலர் நம்பவில்லை. ஆனால் அந்த மீனுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயரே 'பனையேறி'. நவம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, பனையேறி கரையேறி நடக்கிற அடைமழைக் காலம். வெள்ளைக்காரர் பார்த்து எழுதியதை நம்மவர்கள் அதற்கு முன்பே ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

இவர்கள் மீனைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள். காப்பாற்ற வேண்டிய நிலை அப்போது வரவில்லை. அது வந்தது அணைக்கட்டுகளுக்குப் பிறகு.

1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சை டெல்டா பிழைத்தது அதனால்தான் என்று நான் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக மேலே வருகிற உல்லத்துக்குக் கீழணை ஒரு சுவர். ஏற முடியாமல் அணையடியில் கூட்டமாக நிற்கும், வலைபோட்டு அள்ளிவிடுவார்கள். முட்டையிடப் போகிற மீன் முட்டையோடு கூடைக்குப் போகும்.

இதைப் பற்றி முதலில் குரல் கொடுத்தவர்களில் காட்டனும் ஒருவர் என்பதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன்வளம் கெடக்கூடும் என்று 1867ல் அவர் எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் விசாரணை தொடங்கியது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே ஆறு ஆறாகப் போய் ஆராய்ந்து 1873ல் அறிக்கை கொடுத்தார். 'இந்திய மீன்கள்' என்ற பெரிய நூலை எழுதியவரும் இவரே.

1907ல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு வந்தது. அதன் தலைவர் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்கங்களுக்கு வித்திட்டவர் என்று பாடத்தில் படித்தீர்களே, அதே நிக்கல்சன். அவர் காலத்தில் எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் கீழணையில் உல்லத்தைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் வேலையில் இறங்கினார். 1909 வாக்கில் முட்டை பொரிந்தது. உல்லத்தை மனிதக் கையால் பொரிக்க வைத்த முதல் முயற்சி என்று இதைச் சொல்கிறார்கள். நடந்த இடம் நம்மிடமிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை என் மாணவி சொல்லித்தான் புரிந்துகொண்டேன். வெள்ளம் வருகிற நாட்களில் மட்டுமே செய்ய முடியும். முட்டை முற்றிய பெண் மீனும், பருவம் வந்த ஆண் மீனும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது. கிடைத்தால் பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைத் தட்டில் இறக்கி, மேலே ஆண் மீனின் விந்தை விட்டுக் கலந்து, ஆற்று நீரைச் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரியும். இதற்கிடையே உல்லம் போலத் தொட்டாற்சிணுங்கியான மீன் வேறில்லை. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் செத்துவிடும். "காய்ஞ்ச கையால தொடவே கூடாது சார். கையை நனைச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தூக்கணும்" என்றாள்.

அணையில் மீன் ஏணியும் அமைத்துப் பார்த்தார்கள். படிப்படியாகத் தண்ணீர் விழுகிற தொட்டிகள், மீன் தாவித் தாவி ஏறிவிடும் என்று கணக்கு. சீமையில் சால்மன் மீன் அப்படித்தான் ஏறும். உல்லம் தாவுகிற மீன் இல்லை, ஓட்டத்தை எதிர்த்து நீந்துகிற மீன். ஏணியால் அதற்குப் பயன் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே வில்சன்தான் நீலகிரியில் வெளிநாட்டு டிரவுட் மீனைப் பொரிப்பகம் வைத்து வளர்த்தவர். சீமை மீன் நம் மலையில் நிலைத்துவிட்டது. நாட்டு மீனுக்குச் செய்த முயற்சி நிலைக்கவில்லை. டிரவுட்டுக்குக் குளிர்ந்த ஓடையும் பொரிப்பகமும் போதும். உல்லத்துக்குக் கடல் முதல் மேட்டுநிலம் வரை ஒரு முழு ஆறு வேண்டும், அதுவும் சரியான மாதத்தில் வேண்டும்.

அந்த மாதம்தான் அடுத்துப் பறிபோனது. 1934ல் மேட்டூர் அணை முடிந்தது. முதல் வெள்ளத்தை அணை வாங்கி வைத்துக்கொண்டது. பாசனத்துக்கு வேண்டியபோது திறந்தார்கள், நெல்லுக்கு அது நல்லது. ஆனால் முகத்துவாரத்தில் காத்திருந்த மீனுக்குப் புதுவெள்ளத்தின் அழைப்பு வருகிற வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு என்றாகிவிட்டது. தேவநேசன் என்ற மீன்வள ஆய்வாளர் தென்னிந்திய அணைக்கட்டுகள் உல்லத்தை எப்படிப் பாதித்தன என்று 1942லேயே எழுதினார். அதன் பிறகு கொள்ளிடத்து உல்லம் தேய்ந்துகொண்டே போனது. இன்று நம் மார்க்கெட்டுக்கு உல்லம் வந்தால் அது கடலில் பிடித்ததாகத்தான் இருக்கும்.

இப்போது என் வாக்கியத்துக்கு வருகிறேன்.

2007ல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. அந்த 7 நம் காரைக்காலுக்குத்தான். 2018ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு, கர்நாடகப் பங்குகளை மாற்றியது, நம் ஏழில் கைவைக்கவில்லை. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் கூட்டிப் பாருங்கள், 726தான் வரும். மீதி 14 எங்கே? சுற்றுச்சூழலுக்கு 10. கடைசி 4 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகும் நீர் என்று எழுதியிருக்கிறது. கடலுக்குப் போகிற நீரைச் சட்டம்கூடத் தப்பி ஓடியதாகத்தான் பார்க்கிறது. நானும் போர்டில் அதைத்தானே எழுதினேன்?

தப்பிப் போகிற அந்த நீர்தான் முகத்துவாரத்தை அடைபடாமல் வைக்கிறது, உப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கொடுவாய்க் குஞ்சும் மடவைக் குஞ்சும் இறாலும் வளர்கிற கலப்பு நீரைத் தருகிறது. அது காளிக்குப்பம், மண்டபத்தூர், அக்கம்பேட்டை மக்களின் சோறு. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள். அவர்களை முன்பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் கடலுக்கு வருகிற தண்ணீர் வீண் என்று முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் எழுந்து மறுக்கவில்லை. மறுக்கிற மாதிரி நான் வகுப்பு நடத்தவில்லை என்பதுதான் உண்மை.

மேட்டூரைத் திறந்துவிட்டு விவசாயி பட்டினி கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. கடைமடையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆற்றுக்குக் கணக்குப் போடும்போது நெல்லோடு மீனையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

சேர்த்தால் பலன் உண்டா? பங்களாதேஷில் பார்க்கலாம். அங்கே உல்லம் முட்டையிடுகிற அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி 22 நாள் பிடிக்கத் தடை. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சைப் பிடிக்க நவம்பர் முதல் ஜூன் வரை தடை. தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி. 2002-03ல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு 2017-18ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அது கடல் மீனுக்கான ஓய்வு. ஆறேறுகிற மீனுக்கு வலை ஓய்ந்தால் மட்டும் போதாது, ஆறும் ஓட வேண்டும்.

கங்கையிலும் 1975ல் பராக்கா தடுப்பணை வந்தபின், ஒருகாலத்தில் அலகாபாத் வரை போன உல்லம் நின்றுபோனது. இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அணைக்குக் கீழே பிடித்த மீன்களை உயிரோடு மேலே கொண்டுபோய் விடுகிறது. சிலவற்றுக்கு எண் போட்ட சின்னச் சீட்டுக் கட்டி விடுகிறார்கள். மேலே யாராவது பிடித்தால், எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். இந்த மாதிரி வேலையில்தான் நம் பெண்ணும் இருக்கிறாள். நீளம் அளக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். "நாங்க கையில தூக்கிட்டுப் போய் விடுறது ஆறு செய்ய வேண்டிய வேலை சார். நாங்க எத்தனை மீனைத் தூக்க முடியும்?" என்றாள்.

இன்று வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் என்.ஐ.டி. இருக்கிற ஊரா என்று கேட்கிறார்கள். சம்பந்தர் பாடிய ஊர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மாசி மகத்தன்று திருமேனியழகர் கடலாடப் போகிறார், கடற்கரை மக்கள் கூடி வரவேற்கிறார்கள். சுவாமி கடலுக்குப் போவதை நாம் யாரும் வீண் என்று சொல்வதில்லை.

ஆகவே மாணவர்களே, எட்டாம் வகுப்பு நோட்டில் அடிக்கோடிட்ட அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்கு நான் போட்ட இரண்டு மதிப்பெண்ணை என் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். அரசலாற்றிலோ நண்டலாற்றிலோ கொள்ளிடத்திலோ உல்லம் ஏறியதை அவர்கள் பார்த்ததுண்டா? எந்த மாதம்? எந்த இடம் வரை? சொன்னதை அப்படியே கீழே எழுதுங்கள். அந்தப் பெண் அடுத்த பருவத்துக்குப் போவதற்குள் தொகுத்து அவளிடம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்
திருவேட்டக்குடி