டாம் ஓ'ஷான்டர் உலக சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டி (1946–1957): பரிசுத்தொகையும் புரவலரும்

அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் வரலாற்றில் டாம் ஓ'ஷான்டர் போட்டி பெரும்பாலும் ஒரே ஓர் அடியால் நினைவுகூரப்படுகிறது. நாடு தழுவிய அளவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் கோல்ஃப் போட்டி 1953ஆம் ஆண்டின் உலக சாம்பியன்ஷிப் ஆகும். அதன் இறுதிக் குழியில், நூறு கெஜத்துக்கும் அப்பாலிருந்து லூ வார்ஷம் அடித்த பந்து நேரே குழியில் விழுந்தது. அதுவரை வெற்றி தமதே என்றிருந்த சாண்ட்லர் ஹார்ப்பர் ஓர் அடி வேறுபாட்டில் தோற்றார். இந்நிகழ்ச்சியின் கவர்ச்சி, போட்டியின் பொருளியல் அடிப்படையை மறைத்துவிட்டது எனலாம்.

சிகாகோவை அடுத்த நைல்ஸில் இருந்த டாம் ஓ'ஷான்டர் கிளப்பின் உரிமையாளர் ஜார்ஜ் எஸ். மே, தொழில் நிறுவனங்களுக்கு மேலாண்மை ஆலோசனை வழங்கிப் பொருள் ஈட்டியவர். அவர் கோல்ஃபை மேட்டுக்குடியினரின் அமைதியான பொழுதுபோக்காகக் கருதவில்லை. மக்கள் திரளும் காட்சியாகவே கண்டார். பார்வையாளர் மாடங்களை எழுப்பினார். ஆட்டக்காரர்கள் எண் அணிய வேண்டும் என்றார். பின்னது ஆட்டக்காரர் பலருக்கு உவப்பாக இல்லை.

1946இல் சாம் ஸ்னீட் வென்ற முதல் உலக சாம்பியன்ஷிப்பின் பரிசு 10,000 டாலர். 1953இல் அது 25,000 ஆக இருந்தது; அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்ற பென் ஹோகன் பெற்றதோ 5,000 மட்டுமே. 1954இல் மே அதனை 50,000 ஆக உயர்த்தினார். இதன் விளைவை ஆண்டு வருமானப் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது. 1952 முதல் 1957 வரை ஆறு ஆண்டுகளும் இப்போட்டியை வென்றவரே பட்டியலில் முதலிடம் பெற்றார். 1954இல் பாப் டோஸ்கி ஈட்டிய 65,819 டாலரில் 50,000 இந்த ஒரே வெற்றியால் வந்தது. அப்பட்டியலைக் கொண்டு அக்கால ஆட்டத்திறனை மதிப்பிடுவது பிழையாகவே முடியும்.

பரிசுத்தொகையைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஆனால் கூடுதல் கவனத்துக்குரியது, கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இக்களத்தில் கிடைத்த இடம். தொழில்முறைக் கோல்ஃப் சங்கமான பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961இல்தான் நீக்கியது. மேயோ 1940களிலேயே டெட் ரோட்ஸ் போன்றோருக்குத் தம் களத்தைத் திறந்தார். மகளிர் போட்டிக்கு ஆன் கிரெகரியை 1947இல் அழைத்தார். விளம்பர நோக்கு இதில் இருந்திருக்கலாம். எனினும், பிற களங்கள் மூடியிருந்த காலத்தில் அவர்கள் முன்னணி வீரர்களுடன் ஆடினர் என்பதை அந்நோக்கு மாற்றிவிடாது.

பிஜிஏவுடன் எழுந்த பிணக்கினால் 1957க்குப் பின் மே போட்டியைக் கைவிட்டார். ஒருவரின் பணத்தையும் விருப்பத்தையும் மட்டுமே சார்ந்திருந்த அமைப்பு அவரோடே விலகியது. 1957இல் டிக் மேயர் 65,835 டாலருடன் முதலிடம் பெற்றிருந்தார். மறு ஆண்டு ஆர்னால்ட் பால்மருக்கு அதே இடம் 42,607 டாலரிலேயே கிடைத்தது. மே 1962இல் காலமானார். இன்று நைல்ஸில் அப்பெயரில் எஞ்சியிருப்பது, பூங்கா நிர்வாகம் நடத்தும் ஒன்பது குழி ஆடுகளம்.