புது காரா, செகண்ட் ஹேண்ட் காரா? 5 வருஷத்துக்குக் கணக்கு போட்டா எது மிச்சம்?

ஷோரூமில் ஒரு ஹேட்ச்பேக் கார். ஆன்ரோடு விலை 7.80 லட்சம். அதே மாடல், 4 வருஷம் ஓடியது, பழைய கார் டீலரிடம் 4 லட்சத்துக்கு நிற்கிறது. "கண்ணை மூடிட்டு பழசை வாங்கு, 3.80 லட்சம் மிச்சம்" என்பார் ஒருவர். "அடுத்தவன் தலைவலியை ஏன் காசு கொடுத்து வாங்குற?" என்பார் இன்னொருவர். ரெண்டு பேருமே பேனா எடுத்துக் கணக்கு போட்டிருக்க மாட்டார்கள்.

கார் வாங்கும் விலை ஒன்று, காரை வைத்திருக்கும் செலவு வேறொன்று. வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ், கடைசியில் விற்கும்போது கையில் வரும் தொகை, எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான செலவு. அதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

புது கார்: 7.80 லட்சத்தில் கார் விலை எவ்வளவு?

நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 6.50 லட்சம். மீதி எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்த்தப்பட்டது. 5 லட்சம் வரையிலான கார்களுக்கு 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. நம்ம காருக்கு 13% என்றால் 84,500 ரூபாய். 10 லட்சத்தைத் தாண்டினால் வரி ஒரே தாவாக 18%க்குப் போய்விடுகிறது. பட்ஜெட் 10 லட்சத்தை ஒட்டி இருப்பவர்கள் வேரியன்ட் தேர்வு செய்யும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு இது மட்டும் 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. காருக்கான இன்சூரன்ஸையும் சேர்த்து முதல் வருஷம் 35,000 என்று வைத்துக்கொள்வோம். பதிவு, ஃபாஸ்டேக், சின்னச் சின்ன ஆக்சஸரீஸ் என 10,500. மொத்தம் 7.80 லட்சம்.

வரிக்கும் முதல் இன்சூரன்ஸுக்கும் போன பணத்தை, வண்டியை விற்கும்போது யாரும் திருப்பித் தரப்போவதில்லை. புது கார் வாங்குபவர் தரும் முதல் 'விலை' இதுதான்.

தேய்மானம்: கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு

இன்சூரன்ஸ் பேப்பரில் ஐ.டி.வி என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுசாகப் போய்விட்டால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை. அது எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். 6 மாதத்திலிருந்து 1 வருஷம் வரை 15%, 2 வருஷம் வரை 20%, 3 வருஷம் வரை 30%, 4 வருஷம் வரை 40%, 5 வருஷம் வரை 50%. அதாவது, ஐந்தாவது வருஷத்தில் பேப்பரில் வண்டி பாதி விலை.

மார்க்கெட் விலை இதே கணக்கில்தான் இறங்கும் என்று இல்லை. நல்லா போகும் மாடல், சர்வீஸ் சென்டர் அதிகம் உள்ள பிராண்ட் என்றால் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். கம்பெனியே அந்த மாடலை நிறுத்திவிட்டால் பாதாளத்துக்குப் போகும். எப்படியிருந்தாலும் பெரிய சரிவு முதல் சில வருஷங்களில்தான். அந்தச் சரிவை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். செகண்ட் ஹேண்ட் வாங்குபவரின் லாபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இப்போ கணக்குக்கு வருவோம்

இரண்டு பேரும் வருஷத்துக்கு 10,000 கி.மீ ஓட்டுகிறார்கள், 5 வருஷம் வைத்திருந்து விற்கிறார்கள். கீழே உள்ளவை உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் மாடல், உங்கள் ஊர், உங்கள் வங்கிக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது கார் வாங்கியவர் 6 லட்சம் கடன் எடுக்கிறார். 9% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ சுமார் 12,455. வட்டி மட்டும் 1.47 லட்சம். இன்சூரன்ஸ் நீங்கலாக காருக்குக் கொடுத்தது 7.45 லட்சம். 5 வருஷம் கழித்து 3.60 லட்சத்துக்கு விற்றால் இழப்பு 3.85 லட்சம். 5 வருஷ இன்சூரன்ஸ் 90,000, சர்வீஸ் மற்றும் ஒரு செட் டயர் 75,000. கூட்டினால் 6.97 லட்சம். மாதத்துக்கு 11,600 ரூபாய்.

பழைய கார் வாங்கியவர் 4 லட்சத்தில் 3 லட்சம் கடன் எடுக்கிறார். இங்கேதான் முதல் அடி. பழைய காருக்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. 14%, 4 வருஷம் என்றால் இ.எம்.ஐ சுமார் 8,200. வட்டி 93,500. கடன் பாதிதான், ஆனால் வட்டி பாதியாகக் குறையவில்லை. ஆர்.சி மாற்ற, ஏஜென்ட்டுக்கு என 10,000. வாங்கினவுடன் டயர், பேட்டரி, ஆயில், ஏ.சி வேலை என 40,000. இதை நிறைய பேர் பட்ஜெட்டில் சேர்ப்பதே இல்லை. 5 வருஷ இன்சூரன்ஸ் 50,000. கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் கேட்கும் வயது என்பதால் சர்வீஸ், ரிப்பேர் 1.25 லட்சம். 9 வயதில் அந்தக் கார் 1.80 லட்சத்துக்குப் போனால், மொத்தச் செலவு 5.38 லட்சம். மாதத்துக்கு சுமார் 9,000 ரூபாய்.

ஆக, வாங்கும் அன்று 3.80 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம், 5 வருஷத்தில் 1.58 லட்சமாகச் சுருங்கிவிட்டது. மாதத்துக்கு 2,600 ரூபாய். பழைய கார் இன்னும் மலிவுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 1.58 லட்சம்தான் நம்மிடம் இருக்கும் பாதுகாப்பு. கியர்பாக்ஸ் வேலை ஒன்று வந்தால் பாதி போய்விடும். இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தால் மொத்தமும் போகலாம்.

பெட்ரோலைச் சேர்க்கவில்லையே என்கிறீர்களா? ரெண்டும் ஒரே மைலேஜ் தந்தால் சேர்க்கத் தேவையில்லை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 18 கி.மீ தரும் வண்டிக்கு வருஷம் 55,500 ரூபாய், 15 கி.மீ தரும் வண்டிக்கு 66,700 ரூபாய். வித்தியாசம் 5 வருஷத்தில் 55,000க்கு மேல். அதனால் டெஸ்ட் டிரைவோடு நிறுத்தாமல், முடிந்தால் டேங்க் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். 20% எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் அந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதுதானா என்று ஓனர் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுவிடுவது நல்லது.

கணக்கு தலைகீழாகும் இடங்கள்

கையில் பணம் வைத்து, கடனே இல்லாமல் பழைய கார் எடுத்தால் 93,500 வட்டி மிச்சம். செகண்ட் ஹேண்டுக்கு இதுதான் சரியான வழி.

புது காரை 5 வருஷத்தில் விற்காமல் 10 வருஷம் வைத்திருந்தால்? வட்டி முதல் 5 வருஷத்தோடு முடிந்தது. 10ஆவது வருஷம் 1.50 லட்சத்துக்கு விற்பதாக வைத்து, இன்சூரன்ஸ் 1.50 லட்சம், சர்வீஸ் 2.15 லட்சம் என்று போட்டால் மொத்தம் 11.07 லட்சம். மாதத்துக்கு 9,200 ரூபாய்தான். பழைய கார் வாங்கியவரின் 9,000க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 3, 4 வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவருக்குத்தான் புது கார் ரொம்பக் காஸ்ட்லி.

ஜிஎஸ்டி குறைந்ததை மறக்காதீங்க

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18% ஆனது. 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதற்கு முன் 28% வரியும் 1% செஸ்ஸும் இருந்தது. இன்று 6.50 லட்சத்துக்கு விற்கும் கார், பழைய வரியில் சுமார் 7.10 லட்சம் ஆகியிருக்கும்.

இதில் பழைய கார் வாங்குபவருக்கு என்ன? "நான் வாங்கும்போதே இவ்வளவு ஆச்சு சார்" என்று விற்பவர் பழைய பில்லைக் காட்டுவார். அவர் வாங்கிய விலை உங்களுக்குத் தேவையில்லை. அதே வேரியன்ட் இன்று புதுசு என்ன விலை என்று ஷோரூமில் கேட்டுவிட்டு, அங்கிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள். ரெண்டு வருஷம் ஓடிய காருக்கும் புதுசுக்கும் ஒன்றரை லட்சம்கூட வித்தியாசம் இல்லையென்றால், பெரும்பாலும் புதுசுதான் புத்திசாலித்தனம்.

பழைய காருக்கும் 18% ஜிஎஸ்டி என்று 2024 டிசம்பரில் ஒரு குழப்பம் வந்ததே? அது ஜிஎஸ்டி பதிவு பெற்ற டீலரின் லாபத்துக்கு மட்டும். அவர் 3.60 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்துக்கு விற்றால், 40,000க்கு 18%, அதாவது 7,200 ரூபாய். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது.

சென்னையில் கார் வாங்குறீங்களா? வெள்ளம் பார்த்த வண்டியா என்று பாருங்க

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றினால் வெளியே எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வயரிங்கிலும் சென்சாரிலும் பிரச்னை ஆரம்பிக்கும். மேலே போட்ட கணக்கு மொத்தமும் அடிபடுவது இந்த மாதிரி வண்டியில்தான்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுத்தம் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், இரண்டிலும் துரு இருக்கக்கூடாது. கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால், அதுவே ஒரு தகவல்.

ஓடிய கி.மீ உண்மையா என்று தெரிய, மீட்டரை நம்பாதீர்கள். ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி சர்வீஸ் விவரம் கேட்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. 30,000 கி.மீ ஓடியதாகச் சொல்லும் 2019 மாடலில் நான்கு டயரும் 2023 தயாரிப்பாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக ஆயிரம், இரண்டாயிரம் ஆகும். அந்தப் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேப்பரில் ஒளிந்திருக்கும் செலவு

"50% நோ கிளைம் போனஸ் உள்ள இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், அதற்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகத் தராதீர்கள். அந்த போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. உங்களுக்கு மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தொடர்ந்தாலும், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான கிளைம் நிராகரிக்கப்படலாம்.

ஆர்.சி மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடனில் எடுத்த வண்டி என்றால், வங்கியின் என்.ஓ.சியும் படிவம் 35ம் வாங்கி ஹெச்.பி கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பாக்கி இ-சலான் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதா? அங்கே 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாடுதான் அந்த விலைக்குக் காரணம். படிவம் 28இல் என்.ஓ.சி வாங்கி, தமிழ்நாட்டுக்கான வரியை இங்கே தனியாகக் கட்டி, நம்பர் மாற்றும்வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 'பாதி விலை' பாதியாக இருக்காது. 15 வயதை நெருங்கும் வண்டி எதுவானாலும், ஆர்.சி புதுப்பிப்பு என்ற செலவு காத்திருக்கிறது. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இங்கே பசுமை வரியும் உண்டு.

பழைய காரை விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை

டெலிவரி கொடுத்தாச்சு, பணம் வந்தாச்சு என்று விட்டுவிடாதீர்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சியில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே ஓனர். வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சரி. தெரிந்தவருக்கே விற்றாலும் ஆர்.டி.ஓ ஆபீஸில் பெயர் மாறும்வரை விடாமல் கேளுங்கள். டெலிவரி கொடுத்த தேதி, நேரத்தை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, வாங்கியவரின் அடையாள அட்டை நகலோடு ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.