நாட்டுக்குள் நாடு

கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர் ஒருவரின் முகவரியில் 'நாடு' என்ற சொல் இரண்டு முறை வரும். ஊராட்சியின் பெயர் பெரிய கல்வராயன் மேல்நாடு. கடைசி வரியில் தமிழ்நாடு. முதல் நாட்டுக்குள் அடங்குவது சில மலைக் குக்கிராமங்களும் அவற்றின் சாமைக் காடுகளும், மரவள்ளிக் கொல்லைகளும். இரண்டாவது நாட்டுக்குள் அடங்குவது ஒரு மாநிலம். ஒரே சொல் இரண்டு அளவுகளையும் எப்படித் தாங்குகிறது?

இன்று பெரிதாகத் தெரியும் பொருள்தான் பிந்தையது. சங்கப் பாட்டிலேயே சேர, சோழ, பாண்டிய நாடுகள் உண்டு என்றாலும், நாடு என்றால் உழுது பயிரிட்ட நிலம் என்பதே அடிப்படை. ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று நாட்டையும் காட்டையும் எதிரெதிரே நிறுத்துவது அதனால்தான். காடு திருத்தப்பட்டால் நாடு.

பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் இன்னும் துல்லியமாகிறது. அங்கே ஊரைக் குறிக்கும்போது, எந்த நாட்டு ஊர் என்று சொல்லியே குறிப்பார்கள். ஏரியாலும் வாய்க்காலாலும் பிணைந்த பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதன் நிலக்கிழார்கள் கூடும் சபையும் நாடுதான், அதில் அமர்ந்தவர்கள் நாட்டார். எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் நிலவியல் ஆய்வு, கல்வெட்டில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் வைத்து இந்த நாடுகளின் உருவை மீட்டது. நாடு என்பது அரசன் கோடு கிழித்துப் பிரித்த பகுதி அல்ல, உழவர் குடியிருப்புகள் தாமாகத் திரண்ட பகுதி என்பது அந்த வரைபடங்களில் தெரிகிறது. முதலாம் இராசராசன் ஆற்றையும் வாய்க்காலையும் எல்லையாக வைத்து வகுத்த வளநாடு வேறு. அது அரசு மேலிருந்து போட்ட அடுக்கு. அரசர்கள் மாற வளநாட்டுப் பெயர்களும் மாறின. அடியில் இருந்த நாடுகள் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

கல்வராயன் மலையின் மறுபக்கம் உள்ள கள்ளக்குறிச்சி மாவட்டமே இந்தச் சொல்லின் பழைய வயல். தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட இந்த மண்ணைத் தேவாரத் தலங்களை வகுத்தவர்கள் நடுநாடு என்றார்கள். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரைத் தலைமையாகக் கொண்ட மலையமான் நாடு, பேச்சில் தேய்ந்து மலாடு ஆயிற்று. கல்வெட்டில் மிலாடு என்றும் வரும். 'நாடு' கரைந்து 'ஆடு' மட்டும் மிஞ்சிய அந்தப் பெயர் இன்று ஊர்வாயில் இல்லை. சமவெளியில் சிறிய நாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் போயின. பின்னர் வந்த சீமை, பாளையம், தாலுகா, ஜில்லா ஆகியவை அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரத்தநாடு போன்ற சில, தனி ஊரின் பெயராகச் சுருங்கி நின்றன.

மலையில் அப்படி நடக்கவில்லை. கல்வராயனில் வாழும் மலையாளிகள் என்ற பழங்குடியினர் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழி என்று சொல்லிவருகிறார்கள். அந்தக் கதையின் வரலாறு எப்படியிருந்தாலும், அவர்கள் கையாளும் 'நாடு' உழவர் சொல் என்பது உறுதி. சின்ன கல்வராயனில் வடக்குநாடு, தெற்குநாடு. பெரிய கல்வராயனில் மேல்நாடு, கீழ்நாடு. கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்னாடு என்றே ஓர் ஊர். கொல்லிமலையிலும் வளப்பூர்நாடு, அரியூர்நாடு, வாழவந்திநாடு என்று இதே வழக்கம்தான். மேல்நாடு, கீழ்நாடு என்பவற்றை உயரத்தை வைத்து மட்டும் படிக்கக்கூடாது; தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு உயரமும் திசையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

இந்த நாடுகளின் மேல் வேறொரு சொல் வந்து உட்கார்ந்தது: ஜாகீர். பாரசீகச் சொல், அரசுக்குச் செய்த சேவைக்காக விட்டுக்கொடுத்த நிலத்தைக் குறிப்பது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. நாடு உழைத்தவர்களின் சொல். ஜாகீர் வாங்கிக்கொண்டவர்களின் சொல். மலையாளிகள் காட்டைத் திருத்தித் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள். நிலத்துக்கு உரிமைத்தாள் அவர்களிடம் இல்லை. இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு இந்த ஜாகீர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அதற்குள் சமவெளியில் 'நாடு' மிகப் பெரிதாகிவிட்டது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஓர் உயிரை விலையாகப் பெற்ற அந்தப் பெயருக்குள் கல்வராயன் மலை இருந்தபோதும், அங்கே ஜாகீர் மேலும் ஏழு ஆண்டுகள் நீடித்தது. இந்த வேதனை எந்த அகராதியிலும் ஏறாது, ஆனால் சொல்லின் வரலாற்றில் இதற்கும் இடம் உண்டு.

வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன்மலை இன்று தனித் தாலுகா. நில உரிமைக் கேள்வி மட்டும் முழுதாகத் தீரவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்று விசாரிக்கத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. பட்டா இல்லாத இடத்தில் முதியவர்களின் வாக்குமூலத்தையும் அச்சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. எந்த ஓடையோடு தங்கள் கொல்லை முடிகிறது, எந்தப் பாறைக்கு அப்பால் அடுத்த நாடு தொடங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.